மீண்டும் திடலிலே

விழா மலருக்குக் கட்டுரையொன்று தரல் வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவதென்று நாம் நெடுநேரம் எண்ணவில்லை. கல்லூரியின் வரலாற்றையும் அதனை வளர்த்த பெரியோரின் தொண்டினையும் எம்மினும் நன்கறிந்தோர் எழுதுவர். நாம் எழுதத்தக்கது ஒன்றே உண்டு. அது கல்லூரியின் கூடைப்பந்தாட்டத் திடலைப் பற்றியது. அங்கு மாணவராயிருந்த காலத்து ஒருமுறையும், பயிற்றுநராக மீண்டபின் ஒருமுறையும் நாம் செய்த பிழைகளைப் பற்றியது.

1992ஆம் ஆண்டு முதல் கல்லூரி அணியில் ஆடினோம். யாழ்ப்பாணத்தில் அந்நாளில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கிலே படிப்பு. எங்குச் செல்வதாயினும் சைக்கிளே துணை. புதிய பந்தொன்று கொழும்பிலிருந்து வந்து சேர்வது அருமை. எம்மிடமிருந்த பந்துகள் இரண்டும் மேற்புறம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. காற்றுப் போனால் சைக்கிள் திருத்தும் கடையிலே கொடுத்து ஒட்டுவித்து வருவோம். வளையங்களில் வலை கிடையாது. ஆகவே பந்து வளையத்தினூடே சென்றதோ, அருகால் சென்றதோ என்று நாள்தோறும் ஒரு வழக்கு எழும். எம் ஆசான் அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவதில்லை. "எறிஞ்சவன் சொல்லட்டும்" என்பார். எறிந்தவன் பொய் சொல்வது அரிதாயிருந்தது. அதனினும் பெரிய பாடமொன்றை எந்த வகுப்பறையிலும் நாம் கற்றதாக நினைவில்லை.

1994ஆம் ஆண்டு அயற் கல்லூரியொன்றுடன் இறுதிப் போட்டியில் ஆடினோம். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கையில் ஒரு புள்ளி பின்னின்றோம். பந்து எம் கையில் இருந்தது. பந்தைக் கொடுப்பதற்கு எவரும் தனித்து நில்லாமையால் நாமே எறிந்தோம். பந்து வளையத்திற் பட்டு வெளியே வீழ்ந்தது. இவ்வாறே மனைவி மக்களுக்கும் நண்பர்க்கும் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தோம்.

அதன்பின் கொழும்பிலே கணக்காளர் தொழில் எம்மை ஆட்கொண்டது. 2022ஆம் ஆண்டு இடமாற்றம் பெற்று யாழ்ப்பாணம் மீண்டோம். நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசை நீண்டிருந்த காலம் அது. பழைய நாட்களைப் போலவே சைக்கிளில் கல்லூரி வாயிலைக் கடந்தபொழுது, விளையாட்டுத்துறைப் பொறுப்பாசிரியர் கண்டு, "பெடியளுக்கு ஒருக்காப் பழக்கிவிடுங்கோவன், சேர்" என்றார். மறுக்க மனம் வரவில்லை. மறுநாள் மாலையே விசிலும் கையுமாகத் திடலில் நின்றோம்.

நின்ற பின்னரே எம் அறியாமை புலப்பட்டது. நாம் ஆடிய ஆட்டம் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு கொண்டது. இன்றைய ஆட்டமோ பத்து நிமிடக் கால்கள் நான்கு. பந்து கையிற் கிடைத்த அணி 30 விநாடிக்குள் எறிதல் வேண்டுமென்பது அன்றைய விதி. 2000ஆம் ஆண்டில் அது 24 விநாடியாகக் குறைந்தது. மூன்று புள்ளிக் கோடும் 2010ஆம் ஆண்டில் 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப்போயிற்று. முதல் வாரத்தில் மாணவர்களே எமக்கு ஆசிரியராயினர். மாறாதிருந்தது வளையத்தின் உயரம் ஒன்றே. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் உடற்பயிற்சிக் கூடத்தின் மேன்மாட விளிம்பிலே பழக்கூடைகளைக் கட்டுவித்தார். அம்மாடத்தின் உயரம் 10 அடியாயிருந்தது. இன்றும் அதே 10 அடிதான். நிமிர்ந்து பார்க்கையில் நாம் குறுகிவிட்டோமென்று தோன்றிற்றே யன்றி, வளையம் இறங்கி வரவில்லை.

எமது அணியில் பதினேழு வயது மாணவர் ஒருவர் இருந்தார். நெடிய உருவம்; விரைந்த கை; பேச்சுக் குறைவு. அடுத்த ஆண்டு ஒரு போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்னின்றோம். பந்து அவரிடம் இருந்தது. அவருடைய தோழர் வளையத்தின் கீழ்த் தனித்து நின்று கையுயர்த்தினார். இவரோ அவரைப் பாராது தாமே எறிந்தார். பந்து பலகையிற் பட்டுத் திரும்பியது. தோற்றோம்.

அவ்வேளை எம்மை நாம் அடக்கவில்லை. அணியினர் முன்னும், காண வந்திருந்த பெற்றோர் முன்னும் அம்மாணவரைக் கடிந்தோம். "உனக்காகவோ கல்லூரிக்காகவோ விளையாடுறாய்?" என்றும் கேட்டுவிட்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை.

போட்டியின் இறுதிக் காட்சியையும் எமது ஏச்சினையும் யாரோ கைப்பேசியிற் படம்பிடித்திருந்தனர். அது கனடாவில் வாழும் எம் பழைய அணித்தோழரை எட்டியது. அவர் தொலைபேசியில் அழைத்தார், சிரித்துக்கொண்டேதான் பேசினார். "மச்சான், பெடியனை ஏன் அப்பிடி ஏசினனீ? தொண்ணூற்றி நாலிலை நீ விட்டதும் அதே பிழையல்லோ? நான் வளையத்துக்குக் கீழை தனியத்தானே நிண்டனான்."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தோம், சொல்ல இயலவில்லை. அவருடைய உயர்ந்த கை எம் கண்முன் வந்து நின்றது. அதனை நாம் அன்றே கண்டிருந்தோம். கண்டும் எறிந்தோம். 29 ஆண்டுகளாக அக்கையை எம் கதையிலிருந்து நீக்கிவைத்திருந்தோம்.

அன்றிரவு எம் ஆசானை நினைந்தோம். 1994ஆம் ஆண்டின் அத்தோல்விக்குப்பின் அவர் எம்மை ஒரு சொல்லும் ஏசவில்லை. அடுத்த பயிற்சி நாளிலே பந்தை முதலில் எம் கையிற் கொடுத்து, "இண்டைக்கு ஒருதரும் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பத்துத் தரம் கைமாறின பிறகுதான் எறியலாம்" என்று மட்டும் சொன்னார். அம்மாதம் முழுவதும் அதே பயிற்சி. எம் பிழையை அவர் கவனிக்கவில்லையென்று உள்ளூர மகிழ்ந்திருந்தோம். அவர் கவனித்திருந்தார் என்பதும், பிழையைத் திருத்துவதற்குப் பிழைத்தவனை நாணச்செய்தல் வேண்டாமென்று எண்ணினார் என்பதும் இத்தனை காலங் கழித்தே எமக்கு விளங்கிற்று. அவரிடம் சென்று சொல்வதற்கு அவர் இன்று இல்லை.

மறுநாள் மாலை அம்மாணவரின் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் வெங்காயத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மகன் வாய்க்கால் மாற்றிக்கொண்டிருந்தார். தந்தையார் எம்மை இருக்கச் செய்து, "ஏசினது பிழையில்லை, சேர். எல்லாருக்கும் முன்னாலை ஏசினதுதான் அவனுக்குப் பொறுக்கேல்லை" என்று அமைதியாகக் கூறினார். அவர் முன்னிலையிலேயே 1994ஆம் ஆண்டுக் கதையை மகனுக்குச் சொன்னோம். இம்முறை அந்த உயர்ந்த கையையும் சேர்த்தே சொன்னோம்.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அடுத்த வருசம் வெண்டனீங்களோ, சேர்?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு எமக்கு வாய்க்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் மீண்டும் மூண்டது. ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்களெல்லாம் தென்மராட்சி நோக்கி நடந்த கூட்டத்திலே நாமும் நடந்தோம். அணியினர் திசைக்கொருவராயினர். கல்லூரிக்காக நாம் எறிந்த கடைசி எறி அந்த எறிதான். "உமக்கு அடுத்த வருசம் இருக்கு, தம்பி" என்றோம். அதற்குமேல் எமக்குச் சொல் எழவில்லை.

மறுநாட் பயிற்சிக்கு எமக்கு முன்னரே அவர் வந்திருந்தார். பந்தை அவர் கையிற் கொடுத்து, பத்துமுறை கைமாறிய பின்னரே எறியலாமென்றோம். வெற்றிக்கிண்ணம் அவ்வாண்டு வரவில்லை. ஆயினும் இறுதிவரை ஐவரும் ஐவராகவே ஆடினர். அதற்கடுத்த ஆண்டு அம்மாணவரே அணித்தலைவரானார். தோற்ற ஒரு போட்டியின் பின், பந்தைத் தவறவிட்ட இளையவர் ஒருவரின் தோளிற் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டு அவர் சென்றதைக் கண்டோம். என்ன சொன்னாரென்று நாம் கேட்கவில்லை.

பழைய மாணவராகிய நண்பர்களே, கல்லூரிக்கு நிதி அனுப்புகின்றீர்கள், அது வேண்டியதே. ஊருக்கு வரும்பொழுது ஒரு மாலையேனும் திடலின் ஓரத்தில் வந்து நில்லுங்கள். எமது வெற்றிகளை விழா மலர்கள் காத்துவருகின்றன. எமது பிழைகளை இளைஞர்க்கு எடுத்துரைக்க எம்மையன்றி எவர் உளர்? எறிந்தவனே சொல்லட்டும் என்றார் எம் ஆசான். காலந் தாழ்ந்தேனும் சொல்லிவிட்டோம்.