வாலைப் பார், தேன்மொழி

திருச்சி

அன்புள்ள தேன்மொழிக்கு,

சித்தி எழுதுகிறேன். நர்சிங் பாடத்தில் நீளமான ஆங்கிலச் சொல் வந்தாலே நாக்குப் புரளவில்லை, வகுப்பில் வாய்விட்டு வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தச் சொற்களை முன்னாலிருந்து மோதாதே. முதலில் வாலைப் பார்.

எண்டோஸ்கோப் என்ற கருவியையே எடுத்துக்கொள். அழுத்தம் முதல் அசையில், ‘என்’னில். அதை வைத்துச் செய்யும் பரிசோதனையைச் சொல்லும்போது என்-டாஸ்-க-பி. அழுத்தம் இரண்டாவதற்குப் போய்விட்டது. ‘இக்’ சேர்த்தால் என்-ட-ஸ்கா-பிக், மூன்றாவதில். வேர் மாறவே இல்லை, ஈறுதான் அழுத்தத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

உன் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஈறுகள் கொஞ்சம்தான். ‘லஜி’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையை ஓங்கிச் சொல்: கார்-டி-ஆ-ல-ஜி என்பதில் ‘ஆ’. கேஸ்-ட்ரோ-என்-ட-ரா-ல-ஜி ஏழு அசை. பயமுறுத்தினாலும் அங்கேயும் அதே கணக்குதான், ‘ரா’வில் ஓங்கு. அழற்சியைக் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ வந்தால் அந்த ‘ஐ’யில்: அ-பென்-டி-சை-டிஸ். வெட்டி எடுப்பதைச் சொல்லும் ‘எக்டமி’யில் ‘எக்’.

இன்னொன்று இதைவிட முக்கியம். தமிழில் குறில் நெடில் பிசகினால் பொருளே மாறிவிடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லா உயிரையும் முழுசாக ஒலிக்கிறோம். அங்கே அழுத்தம் இல்லாத அசை பெரும்பாலும் தேய்ந்துவிடும். ஏ, ஈ, ஓ எது எழுதியிருந்தாலும் வாயை அதிகம் திறக்காத ஒரே குட்டி ஒலியாகிவிடும். ‘லோஜி’ என்று நீட்டாதே, ‘லஜி’ போதும். நம் தமிழ் வாடை பேச்சில் இருந்தால் இருக்கட்டும், அது குறையே இல்லை. அழுத்தம் இடம் மாறினால்தான் கேட்பவர் தடுமாறுவார்.

அகராதியில் தலைச்சொல்லுக்கு நடுவே போட்டிருக்கும் புள்ளிகளை நம்பிப் பிரிக்காதே. அவை வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கானவை. உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சிறு கோட்டைத் தேடு. அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம். சில அமெரிக்க அகராதிகளில் கோடு அசைக்குப் பின்னால் வரும், ஆகவே முன்பக்க விளக்கத்தை ஒரு தடவை படித்துவிடு.

மருந்துப் பெயர்களுக்கு மட்டும் ஊகம் வேண்டாம். வார்டில் மூத்த சிஸ்டரிடம் கேட்டு, அவர் எதிரிலேயே திரும்பச் சொல்லிப் பார். கேட்கக் கூச்சப்படாதே, கண்ணு.

தீபாவளிக்கு வரும்போது அனாடமி புத்தகத்தையும் எடுத்து வா. சேர்ந்து உட்கார்ந்து கோடு போடலாம். அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

பிரியமுடன்,
சித்தி