144 காய்களும் ஒரு கைவளையும்

ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில், ஜோர்டான் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாஜாங் என்னும் சீன ஆட்டத்தின் கூடங்களைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் காய்களைக் கலைக்கும் சடசடப்பு நடைபாதைவரை வந்துவிடும். அந்தக் காய்களைக் கையால் செதுக்கத் தெரிந்தவர்கள் இன்று நகரத்தில் வெகுசிலரே. அவர்களில் ஒருவரின் கடைக்கு, ஹாங்காங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் நண்பர் என்னை அழைத்துப்போனார். எழுபதைக் கடந்த அந்த ஆசானை எல்லோரும் ‘சிஃபு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கான்டனீஸ் தெரியாது. நண்பர் இடையில் நின்று இரு பக்கமும் பேசினார்.

கடை என்பது ஒரு மேசை, ஒரு முக்காலி, சுவர் முழுக்கக் காய்ப் பெட்டிகள். மரச் சட்டத்துக்குள் வெற்றுக் காய்களை வரிசையாக இறுக்கி, மேலே ஒரு மின்விளக்கைத் தாழ்வாக எரியவிட்டிருந்தார். வெளிச்சத்துக்காக மட்டுமல்ல; அந்தச் சூட்டில் அக்ரிலிக் சற்று இளகினால்தான் சிற்றுளி வழுக்காமல் இறங்கும். அச்சு இல்லை, பென்சில் கோடுகூட இல்லை. சீன எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் எழுதும் வரிசையிலேயே வெட்டிக்கொண்டு போகிறார். வட்டங்களுக்கு மட்டும் கையால் இயக்கும் துரப்பணம். ஒரு வரிசை முடிந்ததும் சிவப்பு, பச்சை, நீலச் சாயங்களைப் பள்ளத்தைத் தாண்டி வழியும்படி தாராளமாகப் பூசுகிறார். காய்ந்தபின் தட்டையான கத்தியால் மேற்பரப்பைச் சுரண்டுகிறார். வழிந்த சாயம் சுருளாக உதிர்கிறது. பள்ளத்தில் இருப்பது மட்டும் தங்குகிறது. அதுவரை அலங்கோலமாகக் கிடந்தது சட்டென்று மாஜாங் காயாகிவிடுகிறது.

ஹாங்காங் முறையில் ஒரு செட்டுக்கு 144 காய்கள். வட்டம், மூங்கில், எழுத்து என மூன்று வகையிலும் ஒன்று முதல் ஒன்பது வரை, ஒவ்வொன்றும் நான்கு: 108. நான்கு திசைகள் நான்கு முறை, மூன்று டிராகன்கள் நான்கு முறை: 28. மிச்சம் எட்டும் பூக்களும் பருவங்களும். மூங்கில் வகையின் முதல் காயில் மட்டும் மூங்கில் இருக்காது, ஒரு பறவை இருக்கும். செதுக்குபவரின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பறவையைத்தான் பார்க்க வேண்டும் என்றார் நண்பர்.

ஆனால் சிஃபு பெருமையாகக் காட்டியது பறவையை அல்ல. ஒரே வகைக் காய்கள் நான்கை எடுத்து, “இதில் எது முதலில் வெட்டியது, சொல்லுங்கள்” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் இந்தத் தொழிலின் தேர்வு. நான்கும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களோ காயைப் பார்ப்பதே இல்லை. கவிழ்ந்திருக்கும் காயை எடுக்கும்போதே கட்டைவிரலால் அடியைத் தடவி, கையில் வந்தது என்னவென்று அறிந்துவிடுவார்கள். ஆழமாக வெட்டிய காய் விரலோடு பேசும் என்பது சிஃபுவின் கட்சி.

ஒரு காலத்தில் எலும்பின் முகப்பையும் மூங்கிலின் முதுகையும் ஒன்றோடொன்று கோத்துப் பொருத்தி மாஜாங் காய்கள் செய்யப்பட்டன. 1920களில் ஜோசப் பார்க் பாப்காக் எளிமைப்படுத்திய விதிகளோடு இந்த ஆட்டம் அமெரிக்காவில் பெரும் மோகமாகப் பரவியது. 1937இல் நியூயார்க்கில் தேசிய மாஜாங் லீக் உருவானது. காய்களும் எலும்பிலிருந்து பேக்கலைட், கேட்டலின் போன்ற பழைய பிளாஸ்டிக்குகளுக்கு மாறின. ஹாங்காங்கில் கைத்தொழிலைச் சாய்த்தது இயந்திரம். உற்பத்தி எல்லை தாண்டிச் சீனப் பெருநிலத்துக்குப் போனது. காய்களைத் தானே கலைத்து அடுக்கும் மேசை வந்தபின், உள்ளே காந்தம் பதித்த, அளவு பிசகாத ஆலைக் காய்கள்தான் அதற்குத் தேவைப்பட்டன. 2014இல் ஹாங்காங் வெளியிட்ட முதல் மரபுப் பட்டியலின் 480 இனங்களில் மாஜாங் காய் செய்யும் கலையும் இடம்பெற்றது. பட்டியலில் ஏறும்போது பட்டறைகள் பெரும்பாலும் காலியாகிவிட்டிருந்தன.

இனி, இந்தக் காய்களைக் கோத்துச் செய்யும் கைவளைக்கு, அதாவது பிரேஸ்லெட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதன் கதை உதிரிக் காய்களில் இருக்கிறது. அங்கே இன்றைய ஆட்டத்துக்கு ஜோக்கர்கள் உட்பட 152 காய்கள் வேண்டும். சில தொலைந்தால் செட் ஆட்டத்துக்கு உதவாது. மிஞ்சியதைத் துளையிட்டு மணிகளோடு கோத்தார்கள். வெள்ளையாகப் பிறந்து ஆண்டுகள் போகப் போகத் தேன் நிறத்துக்குப் பழுத்த கேட்டலின் காய்களுக்கு அங்கே நல்ல கிராக்கி. அதனால் குறையில்லாத பழைய செட்டுகளையும் சிலர் உடைத்து விற்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு அதில் தீராத கோபம். சிஃபுவின் கடையில் உடைப்பதற்கே வேலையில்லை. கைக்கென்றே சின்னக் காயில் புதிதாக வெட்டித் தருகிறார். ஹாங்காங்கின் வழக்கமான காய் ஏறத்தாழ 4 செ.மீ. உயரம், மணிக்கட்டில் கட்டினால் கல்லைக் கட்டியதுபோல் தொங்கும்.

கோர்க்கும் வேலையைப் பார்க்க ஷாம் சுய் போவின் யூ சாவ் தெருவுக்குப் போனோம். தெரு முழுக்க மணிக் கடைகள்: கண்ணாடி, மரம், பிசின், கல், உலோகம். அங்கே ஒரு கடையின் பின்கட்டில் பெண் ஒருவர் சின்னக் காய்களைத் துளையிட்டுக்கொண்டிருந்தார். துளைப்பானை மெதுவாக ஓட்டி, அடிக்கடி தண்ணீர் தொட்டார். வேகம் கூடினால் அக்ரிலிக் உருகித் துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். எலும்புக் காய் என்றால் முகமூடி இல்லாமல் தொடமாட்டாராம். தூசி அவ்வளவு நுண்மை. காய்க்கு ஒரு துளை போதாது. அருகருகே இரண்டு துளை போட்டு இரண்டு நூல் செலுத்தினால்தான் முகம் புரளாமல் மேலே நிற்கும்.

நூலைக் கோர்க்குமுன் நன்றாக இழுத்துவிடுகிறார். இல்லாவிட்டால் சில வாரத்தில் வளை தளர்ந்துவிடும். அளவில்தான் சூட்சுமம். 8 மி.மீ. மணிகளில் 17 செ.மீ. நீளம் கோத்து வட்டமாக்கினால், உள்சுற்று அதைவிட ஏறத்தாழ இரண்டரை செ.மீ. குறையும், மணியின் பருமனே அந்த இடத்தைத் தின்றுவிடுகிறது. தட்டைக் காய் சேர்ந்தால் கணக்கு இன்னும் மாறும். அவர் அளவுநாடாவை நம்பாமல் ஒவ்வொரு கையிலும் போட்டுப் பார்த்தே முடிச்சிடுகிறார். முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வைத்து, அதைப் பெரிய துளையுள்ள மணிக்குள் இழுத்து மறைத்துவிடுகிறார்.

வாங்க வந்த இளம்பெண் காய்களைப் புரட்டி, கோடு லேசாக நெளிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கையால் வெட்டியது தெரிய வேண்டுமாம். சிஃபு ஆயுள் முழுக்க எதை வராமல் தடுத்தாரோ, அதற்குத்தான் இங்கே விலை. இந்தப் புதுச் சந்தையை நான் குறை சொல்லமாட்டேன். வாடகை கட்ட அது உதவுகிறது. பிள்ளைகள் கையில் காய் மறுபடி ஏறியிருக்கிறது. ஆனால் வளைக்கு ஒரு காய் போதும். தொழில் கைக்கு வந்ததோ, ஒரே எழுத்தை நாளெல்லாம் திரும்பத் திரும்ப வெட்டியதால். வளை ஓர் ஆசானைத் தாங்கும். அடுத்த ஆசானை உருவாக்கும் அளவுக்கு வேலை அதில் இல்லை.

திரும்பும் வழியில் மறுபடி சிஃபுவின் கடைக்குப் போய் அவரிடம், கற்றுக்கொள்ள ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டேன். பயிற்சி வகுப்புக்கு நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். “ஆசையாக ஒரு சிவப்பு டிராகனை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான்காவதையும் முதலாவதைப் போலவே வெட்ட வேண்டும் என்று இதுவரை யாரும் உட்காரவில்லை.”