வீடு பார்க்கப் போய்ப் பள்ளி பார்த்த கதை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

நம் ஊரில் வீடு பார்க்கச் செல்பவர்கள் முதலில் கேட்பது என்ன? "தண்ணீர் வருமா?" என்பதுதான். அடுத்து வாடகை, முன்பணம், பஸ் நிறுத்தம். பள்ளிக்கூடம் கடைசியில் வரும், வராமலும் போகும். நம் வகுப்பையே பாருங்களேன். அடுத்த தெருவிலிருந்து நடந்து வருகிறவளும், இரண்டு பஸ் மாறி வருகிறவளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவை வீட்டு முகவரியைப் பார்த்தே பிள்ளையைச் சேர்க்கின்றன. ஆகையால் பெற்றோர் முதலில் பள்ளியைத் தேர்ந்துகொண்டு, பிறகு அதன் எல்லைக்குள் வீடு தேடுகிறார்கள்.

இதையெல்லாம் நாங்கள் அறிந்துகொண்டது எங்கள் சித்தியால்தான். சித்தப்பாவுக்கு நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை. அவர்கள் மகள், எங்கள் தங்கை, எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அங்கே ஹைஸ்கூல் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள். சொந்த வீடு வாங்குவதானால் இப்போதே வாங்க வேண்டும், நடுவில் ஊர் மாறினால் பள்ளியும் மாறும் என்று சித்திக்கு ஒரே கவலை. ஞாயிறுதோறும் இரவில் தொலைபேசி மணி அடிக்கும். தாத்தா, அம்மா, அக்கா தங்கையாக நாங்கள் இருவர் என்று வீடே சுற்றி அமர்ந்துவிடும். எங்கள் அட்லஸில் நியூ ஜெர்சி சுண்டுவிரல் நகத்தளவே இருந்தபடியால், கணினியில் பெரிதாக்கிய வரைபடம் ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தோம்.

அவர்கள் வீடு தேடியது பிரின்ஸ்டன் நகரைச் சுற்றி. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். அக்கம்பக்கத்தில் வெஸ்ட் விண்ட்சர், பிளெய்ன்ஸ்பரோ, சவுத் பிரன்சுவிக், கிரான்பரி என்று ஊர்கள். காரில் சில நிமிடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாமாம். ஆனால் பள்ளிகள் வெவ்வேறு. பிரின்ஸ்டனுக்கு ஓர் அரசு ஹைஸ்கூல். வெஸ்ட் விண்ட்சரும் பிளெய்ன்ஸ்பரோவும் கூட்டாக ஒரே நிர்வாகத்தில் இரண்டு ஹைஸ்கூல்கள் நடத்துகின்றன. அவற்றில் வடக்குப் பள்ளி 1997இல் திறக்கப்பட்டது. சவுத் பிரன்சுவிக்கில் பெரிய பள்ளி ஒன்று. கிரான்பரியிலோ எட்டாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் அவ்வூர்ப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் பள்ளிக்குச் செல்கிறார்கள். இதைக் கேட்டதும் தாத்தா, "அப்படியானால் பள்ளிக்கூடம் இல்லாத ஊரிலேயே வாங்கு அம்மா!" என்றார். "அது எல்லாருக்கும் தெரியும் அப்பா. அதனால்தான் அங்கே விலையும் அப்படி இருக்கிறது" என்றார் சித்தி.

பள்ளிக்குக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் பள்ளி நடப்பது பெரும்பாலும் வீட்டு வரியில். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுக்குச் சராசரி ஆண்டு வரி 2024இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் ஏறக்குறையப் பாதி பள்ளிகளுக்குப் போகிறது. விலை உயர்ந்த வீடுகள் நிறைந்த ஊரில் குறைந்த விகிதத்தில் வரி போட்டாலும் பணம் கொட்டும். எளிய வீடுகள் உள்ள ஊரில் விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் போதாது.

இது நியாயந்தானா என்று நாங்கள் கேட்டோம். எங்களுக்கு முன்பே டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரப் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அங்கே எட்ஜ்வுட், ஆலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பகுதிகள். 1967-68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். கிடைத்தது ஒரு மாணவருக்கு 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியது 85 சென்ட்தான். கிடைத்ததோ 333 டாலர்! அக்கா உடனே வகுத்துப் பார்த்து, "பதின்மூன்று மடங்கு" என்றாள். எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973இல் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, இந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் அல்ல என்று தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி மாநில நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. ஏழை நகரங்களின் பள்ளிச் செலவைச் செல்வப் புறநகர்களின் அளவுக்கு உயர்த்தும்படி 1990இல் அது உத்தரவிட்டது. ஆயினும் வீடு தேடுகிறவர்கள் எல்லைக்கோட்டைப் பார்ப்பது நின்றபாடில்லை.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் கெல்லி வில்லியம்ஸ்-போலார் என்றொரு தாய். தம் இரு பெண்களையும் அடுத்த பகுதிப் பள்ளியில் சேர்ப்பதற்காகத் தம் தந்தையின் முகவரியைக் கொடுத்தார். பொய் ஆவணம் கொடுத்த குற்றத்துக்காக 2011இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தார். அதே ஆண்டில் மாநில ஆளுநர் அவர் குற்றத்தின் கடுமையைக் குறைத்து ஆணையிட்டார். தாத்தா வீட்டு முகவரிக்காகச் சிறையா! பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தோழிகளை நினைத்துக்கொண்டோம். அம்மா அன்று வெகுநேரம் பேசவில்லை.

இனி சித்தப்பாவின் கதைக்கு வருவோம். அவர் கணக்கில் புலி. ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண், கல்லூரி நுழைவுத் தேர்வில் சராசரி என்ன என்று பெரிய அட்டவணையே போட்டுவிட்டார். இந்த எண்களில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை வேண்டாம் என்பது எங்கள் கட்சி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடும் பள்ளியில் மதிப்பெண் உயர்வாகத்தான் இருக்கும். அதில் ஆசிரியரின் உழைப்பு எவ்வளவு, வீட்டு வசதி எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்வதில்லையே!

அட்டவணையில் உயர்ந்து நின்றது வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ. சித்தி தயங்கியதும் அங்கேதான். 2015இல் அங்குள்ள பள்ளிகளின் தலைமை அதிகாரி டேவிட் ஆடர்ஹோல்ட், பெற்றோருக்குப் பதினாறு பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப் பரிந்துரை செய்ய வேண்டியிருந்தது, அவர்களில் 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்று அதில் வேதனையோடு குறிப்பிட்டார். ஹைஸ்கூலில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை நிறுத்தினார்கள். வீட்டுப்பாடமே இல்லாத இரவுகளையும் ஏற்படுத்தினார்கள். சில பெற்றோர் நன்றி சொன்னார்கள். படிப்பின் தரம் குறைகிறது என்று சிலர் கோபப்பட்டார்கள். பிள்ளைகளின் துன்பத்தை மறைக்காமல் வெளியே சொன்ன பள்ளியை நாங்கள் மெச்சினோம். ஆனால் எங்கள் தங்கை சத்தமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள், கணக்கில் நடுத்தரம், கிளாரினெட் என்றால் உயிர். "தேர்வை நிறுத்தலாம், வீட்டுக்கு வீடு நடக்கும் போட்டியை யார் நிறுத்துவது?" என்றார் சித்தி.

அந்த வேளையில் சித்தப்பா ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு மாடி ஒட்டு வீடு, பிரின்ஸ்டன் முகவரி, விலையோ கைக்கு எட்டும் தூரத்தில்! ஒரே கொண்டாட்டம். சித்திக்கு மட்டும் சந்தேகம். வீட்டு வரி எந்த ஊருக்குச் செலுத்தப்படுகிறது என்று விசாரித்தார். சவுத் பிரன்சுவிக்குக்காம்! தபால் எல்லை வேறு, பள்ளி எல்லை வேறு. பிரின்ஸ்டன் தபால் முகவரியுள்ள பல வீடுகள் அக்கம்பக்கத்து ஊர்களில்தான் இருக்கின்றன. சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது.

சித்தி விடவில்லை. "வந்தது வந்தோம், அந்தப் பள்ளியையும் பார்த்துவிடுவோம்" என்று மகளை அழைத்துச் சென்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி: நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளையை இங்கே யார் கவனிப்பார்கள்? ஆலோசகராக இருந்த அம்மையார் சித்திக்குப் பதில் சொல்லாமல் தங்கையின் பக்கம் திரும்பி, அவளோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். அன்றிரவு தொலைபேசியில் முதல்முதலாகத் தங்கையே எங்களோடு பேசினாள். வாத்தியக் குழு பயிற்சி செய்யும் அறையைப் பற்றியே பேசினாள். சித்தப்பா அட்டவணையை மூடி வைத்தார்.

ஜூலையில் குடிபோனார்கள். பள்ளியில் சேரக் காட்டியவை வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை ஆகியவை. "கட்டணம் எவ்வளவு அம்மா?" என்று தாத்தா இன்னொரு முறை கேட்டார். "கட்டணம் இல்லை அப்பா, வீட்டுக் கடன்தான் முப்பது வருஷம்" என்று சித்தி சிரித்தார். செப்டம்பர் முதல் தங்கை விடியற்காலையில் மஞ்சள் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நிற்கிறாள். கிளாரினெட் பெட்டியோடு அவள் நிற்கும் படம் எங்கள் சுவரில், வரைபடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.