உப்பு வணிகன் வியக்கன்

அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள சமணர் குகையில், உப்பு வணிகன் ஒருவனின் பெயர் இருக்கிறது. வியக்கன். மதுரைக்காரன். முனிவர்களுக்குக் கற்படுக்கை அமையக் கொடை தந்தவர்களில் அவனும் ஒருவன். அதே பாறையில் துணி விற்றவன், வெல்லப்பாகு விற்றவன், ஏர்க்கொழு விற்றவன், பொற்கொல்லன் என்று கி.மு. முதல் நூற்றாண்டின் கடைத்தெருவே வரிசையாக நிற்கிறது. மாங்குளத்துப் பாறையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. பாடப்புத்தகம் அதைத்தான் முதலில் சொல்லும். எனக்கு என்னவோ வியக்கன் மேல்தான் பிரியம்.

அவனுடைய உப்பு எந்தக் கடற்கரை அளத்திலிருந்து வந்திருக்கும்? சங்கப் பாடல்களில் உப்பு விற்கும் உமணர்கள் மனைவி மக்களோடு, வண்டி வண்டியாக, மேட்டிலும் மணலிலும் சக்கரம் புதையப் போகிறார்கள். அந்த வண்டிகளை எதிர்பார்த்து மதுரையில் கடை வைத்திருந்தவனா, தானே மாட்டை ஓட்டிப் போனவனா? மழை பிடித்துக்கொண்டால் சரக்கு கரைந்துபோகும் தொழில் அது. அதில் மிஞ்சிய காசைத் தன்னைப்போல் வாங்காத, விற்காத, எதையும் சேர்த்துவைக்காத துறவிகள் படுப்பதற்காகக் கொடுத்திருக்கிறான். ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் என்ன சொன்னானோ! மலைப்பக்கம் போகும்போதெல்லாம் இந்த மனிதனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

வியக்கன் பெயரைப் பொறித்த தமிழி எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மாங்குளத்துக் கல்வெட்டை ராபர்ட் சுவெல் 1882இல் கண்டார். இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துச் சொன்னார். ஐராவதம் மகாதேவன் அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே குகை குகையாக ஏறிப் படியெடுக்கத் தொடங்கி, 2003இல் எல்லாவற்றையும் ஒரு பெருநூலாக்கினார். ஆனாலும் வியக்கன் நூலுக்குள்தான் இருந்தான். மதுரையில் இன்று உப்பு விற்பவருக்கு அவனைத் தெரியாது.

அவனை ஊருக்குள் அழைத்து வந்தவர்கள் வேறு. தொல்லியல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற சொ. சாந்தலிங்கம் ஐயாவை நான் அந்த வரிசையில் முதலில் வைப்பேன். குன்றின் சரிவில், வெயில் ஏறுவதற்குள், கையில் மைக்கைப் பிடித்தபடி அவர் நிற்பார். எதிரே பாறையில் வங்கி ஊழியர்கள், தையல்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மூட்டுவலியோடு ஏறிவந்த பாட்டிமார்கள். யார் கொடுத்தது, யார் படுத்தது, எழுத்து எப்படி உருமாறியது என்று அவர் சொல்லச் சொல்ல, குழந்தைகள்கூடக் கல்வெட்டைத் தொடாமல் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். துறைச்சொற்களை அவர் நம்மேல் சுமத்துவதில்லை. அதற்காக விஷயத்தை மெலிதாக்குவதும் இல்லை. இந்த இரண்டும் ஒருவரிடமே கூடுவது அபூர்வம்.

இந்தக் கூட்டத்தை மலையேற வைத்தது எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடை அமைப்பு. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்து நரசிங்கம், ஒத்தக்கடைப் பக்கத்து மக்கள் எழுந்த நேரத்தில், 2010இல், அது தொடங்கியது. கட்டணம் கிடையாது. அழைப்பு அனுப்புவது, வழி காட்டுவது, வயதானவர்களுக்குக் கைகொடுத்து ஏற்றுவது, இறங்கியதும் சாப்பாடு பரிமாறுவது எல்லாமே தன்னார்வலர்கள்தான். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த நடையில் ஒருவரையொருவர் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வரலாறு படிக்க வந்தவர்களுக்கு உறவும் கிடைத்துவிடுகிறது.

அதே யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில், கி.பி. 770ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. மாறன்காரி என்ற அமைச்சர் கோயிலைக் குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி வேலையை நிறைவேற்றினார். அண்ணன் பெயரை மறைக்காமல், யார் எதுவரை செய்தார் என்று கல்லிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கல்வெட்டை வணங்கலாம்.

அரிட்டாபட்டியிலும் தமிழி எழுத்துக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், குடைவரைக் கோயில் எல்லாம் உண்டு. 2022இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர்ப் பக்கத்து மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வயலையும் கண்மாயையும் காக்க எழுந்த போராட்டம் அது. வெற்றியைப் பசுமை நடையின் கணக்கில் எழுதுவது அந்த விவசாயிகளுக்குச் செய்யும் அநியாயம். ஆனால், அந்தக் குன்றுகளில் என்ன இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஊரோடு பேசிவந்தவர்கள் இல்லாதிருந்தால், “இது வெறும் பாறை” என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல இத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

சாந்தலிங்கம் ஐயாவுக்கும் பசுமை நடையினருக்கும் பொன்னாடை போர்த்தலாம், விருது தரலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூடவே இன்னொன்றும் நடக்கட்டும். அவர்கள் மலையடிவாரங்களில் வாய்மொழியாகச் சொன்னவற்றை ஊர் ஊராகத் தொகுத்து, அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க வேண்டும். கிடாரிப்பட்டிப் பிள்ளைகளுக்கு நெடுஞ்செழியனுக்கு முன்னால் வியக்கனைச் சொல்லிக்கொடுக்கலாம்.