கிறிஸ்துமஸ் இரவில் ஒரு பேய்க்கதை

கிறிஸ்துமஸ் என்றதும் நமக்குக் குடிலும் கேக்கும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ அன்றிரவு கணப்பருகே அமர்ந்து பேய்க்கதை சொல்வது பழைய வழக்கமாம். 1843 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ் கரோல்’ அத்தகைய கதையே. கஞ்சன் ஸ்க்ரூஜிடம் இறந்துபோன கூட்டாளியின் ஆவி வருகிறது. பின்னர் மூன்று ஆவிகள். கடைசி ஆவி அவனுடைய கல்லறையையே காட்டுகிறது!

சென்ற டிசம்பர் 24 இரவு அதைப் படித்து நடுங்கினேன். ஆவிக்காக அல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பக்கத்து வீட்டு அக்கா, அன்று காலைதான் தன் மகளுக்காக என் பழைய ஸ்வெட்டரைக் கேட்டிருந்தார். “இல்லை அக்கா” என்று பொய் சொல்லியிருந்தேன்.

விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை; சிறு தேவதை பொம்மை ஒன்றைத் தந்தார். இவ்வாண்டு எங்கள் குடிலில் அது நிற்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி