மொயாலேயின் வடபாதி

நைரோபியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 780 கிலோமீட்டர். இசியோலோவைத் தாண்டியதும் பச்சை மறைந்துவிடுகிறது. முள்மரங்கள், கருங்கற்கள், ஒட்டகக் கூட்டங்கள். மார்சபிட் மலையில் மட்டும் கொஞ்ச நேரம் குளிர்காற்று. இறங்கினால் மறுபடி வறண்ட நிலம். இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி மொயாலேயில் இறங்கியபோது முகம், பை, செருப்பு எல்லாவற்றிலும் செம்மண். 2019 ஜூன் மாதம் அது.

மொயாலே என்ற பெயரில் இரண்டு ஊர்கள் ஒட்டிக் கிடக்கின்றன. தென்பாதி கென்யா, வடபாதி எத்தியோப்பியா. இரு பக்கமும் போரானா மக்கள் வாழ்கிறார்கள். ஒரே மொழி, ஒரே சொந்தபந்தம். அக்கா ஒரு நாட்டிலும் தங்கை மறு நாட்டிலும் குடித்தனம் நடத்துவது அங்கே சாதாரணம். கென்யாவில் வண்டிகள் இடப்பக்கம் போகும், எத்தியோப்பியாவில் வலப்பக்கம். எல்லையைத் தாண்டும் லாரிகள் பக்கம் மாறுவதை நின்று பார்த்தேன். அதைவிடப் பெரிய மாற்றம் கைபேசிக்குள் இருந்தது.

தென்பாதியில் மஞ்சள் கேன்களில் ஒட்டகப் பால் விற்ற ஓர் அம்மாவிடம் ஒரு குவளை வாங்கினேன். சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே கேனின் மேல் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். கைபேசி வழிப் பணச் சேவையான எம்-பெசாவில் பணம் அனுப்பினேன். அவருடைய பழைய பட்டன் போன் சிணுங்கியது. குறுஞ்செய்தியை உதடு அசையப் படித்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டார். 2007 மார்ச்சில் தொடங்கிய சேவை. அதற்கு இணையம்கூடத் தேவையில்லை. ஆனால் பாலைவன ஓரத்துச் சந்தைவரை கைபேசிக் கோபுரங்கள் வந்ததற்கு இந்தப் பணப் புழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வடபாதிக்குள் நடந்தேன். அங்கே இணையம் இல்லை. அந்த ஊரில் மட்டுமல்ல, நாடு முழுவதும் இல்லை. ஜூன் 11 முதல் அணைந்திருந்தது. காரணத்தை அரசு வாய் திறந்து சொல்லவில்லை. கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த இளைஞர்தான் சொன்னார்: "பரீட்சை நடக்கிறது."

பள்ளி இறுதி மாணவர்களுக்கு அது தேசியத் தேர்வுக் காலம். 2016-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் வினாத்தாள் சமூக ஊடகங்களில் கசிந்து, தேர்வே ரத்தானது. ஒரோமியா மாநிலத்தில் போராட்டங்களால் மாதக்கணக்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் படிக்கவே இல்லை, தேர்வைத் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டவர்கள் செய்த வேலை அந்தக் கசிவு. மறுதேர்வின்போது அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அதிலிருந்து தேர்வு என்றாலே இணையத்தில் கை வைப்பது பழக்கமாகிவிட்டது.

அந்த இளைஞரின் தங்கையும் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். அவரிடம் இரண்டு போன்கள். ஒன்றில் உள்நாட்டு சிம், பேசலாம், அவ்வளவுதான். இன்னொன்றில் கென்யா சிம். கடையின் பின்சுவரோரம் தெற்கே பார்த்து நின்றால் அதில் ஒரு கோடு சிக்னல் விழும். அந்தச் சுவரோரம் வரிசை நின்றது. எத்தியோப்பிய நகரமான ஹவாசாவிலிருந்து பீன்ஸ் மூட்டைகளோடு வந்திருந்த லாரி ஓட்டுநர், சரக்கின் தாள்களைப் படமெடுத்து நைரோபி வியாபாரிக்கு அனுப்பக் காத்திருந்தார். படம் பாதி ஏறும், அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து அனுப்புவார். சரக்கு வெயிலில் நின்றது.

மலை குறுக்கே நிற்கவில்லை. தூரமும் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இரண்டு நாடுகள். ஒன்றில் பால்காரம்மாவின் கேன்வரை தகவல் ஓடுகிறது, மற்றதில் சுவரோரம் வரிசை.

இந்த வித்தியாசத்துக்குக் கடல்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கண்டங்களை இணைக்கும் கண்ணாடி இழைக் கம்பிகள் கடலடியில்தான் வருகின்றன. கென்யாவுக்கு மொம்பாசா இருக்கிறது. ஆனால் 2009 வரை கென்யக் கரைக்கு அப்படி ஒரு கம்பியும் வந்து சேரவில்லை. எல்லாமே செயற்கைக்கோள் வழி, ஒரு மெகாபிட்டுக்கு மாதம் ஆயிரக்கணக்கான டாலர். பல நாடுகள் சேர்ந்து போடவிருந்த ஈஸி கம்பித் திட்டம் பேச்சுவார்த்தையிலேயே இழுத்துக்கொண்டு கிடந்தது. கென்யா காத்திருக்கவில்லை. அன்றைய தகவல் துறைச் செயலாளர் பிட்டாங்கே ண்டெமோ முன்னின்று தள்ள, அரசும் தனியார் நிறுவனங்களும் பங்கு போட்டு, ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து டீம்ஸ் என்ற கம்பியை 2009-இல் மொம்பாசாவுக்குக் கொண்டுவந்தன. அடுத்த சில வாரங்களில் தனியார் கம்பியான சீகாமும் வந்தது. மறு ஆண்டு ஈஸியும். ஒன்றுக்கு மூன்றாகக் கம்பிகள், அவற்றில் இடம் வாங்கி விற்கப் பல நிறுவனங்கள். விலை சரிந்தது.

எத்தியோப்பியாவுக்கு 1993-இல் எரித்ரியா பிரிந்ததோடு கடற்கரை போயிற்று. ஜிபூட்டி, சூடான், கென்யா என்று அண்டை நாடுகள் வழியாகத்தான் கம்பி உள்ளே வரவேண்டும். அதில் ஒரு வழி இதே மொயாலே. ஆனால் உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் கடல் ஏது? அவையும் மொம்பாசா கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்டு விற்கின்றன. எத்தியோப்பியாவில் நான் போன நேரத்தில் 11 கோடிப் பேருக்கு ஒரே ஓர் அரசு நிறுவனம், எத்தியோ டெலிகாம். கோபுரம் எங்கே, விலை என்ன, எப்போது அணைப்பது, எல்லாம் ஒரே இடத்தில் முடிவாகும். சீன நிறுவனங்களிடம் பெரும் கடன் வாங்கிக் கட்டமைப்பை விரித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எத்தனையோ சிற்றூர்களுக்குக் கைபேசி போனது அதனால்தான். ஆனால் ஒரே குழாய்க்கு ஒரே திருகு. நாட்டையே அணைக்க ஓர் உத்தரவு போதும்.

அதே 2019 ஜூன் 22 அன்று அம்ஹாரா மாநிலத் தலைவரும் நாட்டின் ராணுவத் தளபதியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுபடி இணையம் போனது. நான் அப்போது ஹவாசாவில் ஏரிக்கரை விடுதி ஒன்றில் இருந்தேன். என்ன நடக்கிறதென்று விடுதிக்காரருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு வதந்தி. வதந்தியைத் தடுக்கத்தான் அணைக்கிறோம் என்பார்கள். அணைத்த இடத்தில்தான் வதந்தி கொழுக்கிறது என்பதை அந்த நாட்களில் கண்ணால் பார்த்தேன். அதே ஆண்டு ஆகஸ்டில், இணையம் தண்ணீரோ காற்றோ அல்ல என்றார் பிரதமர் அபீ அகமது. 2020 நவம்பரில் டிக்ரேயில் போர் மூண்டபோது அந்த மாநிலத்தின் தொடர்புகள் அறுக்கப்பட்டன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவே மாதங்கள் ஆயின.

இதை எங்கோ நடப்பதாக எழுத என்னால் முடியவில்லை. 2018 மே மாதம், தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. எங்கள் ஊரில் யார் செத்தார்கள், யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்த வீடுகள் உண்டு. காஷ்மீரில் அணைத்த பிறகு அதிவேக இணையம் திரும்ப ஒன்றரை ஆண்டு ஆனது. இந்தியாவில் நிறுவனங்கள் பல இருந்தும் அணைப்பது நடக்கிறதே என்றால், நடக்கிறது. போட்டி விலையைக் குறைக்கும், கோபுரத்தைக் கொண்டுவரும். அணைக்கும் கையைத் தடுக்க அது போதாது.

2022 அக்டோபரில் கென்யாவின் தொலைத்தொடர்பு நிறுவனம் சஃபாரிகாம் அடிஸ் அபாபாவில் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு எம்-பெசாவும் எல்லை தாண்டியது. அதே 2022-இன் நவம்பரில் எத்தியோப்பியாவின் நீர்மின்சாரம் ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கம்பியில் கென்யாவுக்குப் பாயத் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளுக்கு 200 மெகாவாட், மொத்தம் 25 ஆண்டு ஒப்பந்தம். அந்த மின்சாரத்துக்கு அளவும் காலமும் எழுத்தில் இருக்கின்றன. சுவரோரம் நின்ற லாரி ஓட்டுநருக்கு அப்படி எழுதிக் கொடுத்தது என்ன இருக்கிறது?

கென்யாவையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 2024 ஜூன் 25 அன்று, வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த நாளில், இணையம் தடைபட்டது. அணைக்க மாட்டோம் என்று ஒழுங்குமுறை ஆணையம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தது. பள்ளி இறுதித் தேர்வு நேரத்தில் டெலிகிராமை முடக்கும் வழக்கம் அங்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கே உரிமை அமைப்புகள் சேர்ந்து வழக்குப் போட்டன. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம், விசாரணை முடியும்வரை இணையத்தை அணைக்கக் கூடாது என்று அரசுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. ஒட்டகப் பால் விற்கும் அம்மா இருக்கும் மொயாலேயின் தென்பாதிக்கு அந்த உத்தரவு செல்லும். வடபாதிக்குச் செல்லாது.