சுவீகாரம் போன சொல்

‘கோ, வென்ட், கான்’ மூவரில் நடுவில் நிற்பவன் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே இல்லை. பள்ளியில் வாய்ப்பாடு போல ராகம் இழுத்து ஒப்பித்தபோது இதை யாரும் சொல்லவில்லை. வகுப்பில் எவனாவது “ஏன் சார்?” என்று கேட்டிருந்தால், “இங்கிலீஷ் அப்படித்தான்டா” என்றுதான் பதில் வந்திருக்கும்.

‘வென்ட்’ உண்மையில் ‘வெண்டு’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். தமிழில் எழுதினால் இரண்டும் குழம்பும். றன்னகரம் போட்டது இறந்தகாலம், டண்ணகரம் போட்டது மூலவினை என்று வைத்துக்கொள்ளுங்கள். செண்டு–சென்ட், பெண்டு–பென்ட், ஸ்பெண்டு–ஸ்பென்ட் வரிசையில் வெண்டு–வென்ட். அனுப்பு, வளை, செலவிடு என்று நமக்குத் தெரிந்த சொற்கள்தான். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் சாயல் அப்படியே தெரியும். ‘வெண்டு’க்குப் பழைய பொருள் திரும்புவது, திருப்புவது. பிறகு நடப்பது, போவது என்று விரிந்தது.

பெரிய வீடு ஒன்று, வாரிசுக்காக ஏழைப் பங்காளியின் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்த கதை இது. வேடிக்கை என்னவென்றால், பெரிய வீட்டுக்கு அதுவே முதல் சுவீகாரம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வுக்கு இறந்தகாலமாக இருந்தது ‘ஏயொடெ’. அதுவும் வேறு வேரில் பிறந்ததுதான்! அந்தப் பிள்ளை தேய்ந்து ‘யீட்’, ‘யோட்’ என்றெல்லாம் ஆகி, 15ஆம் நூற்றாண்டுவாக்கில் ‘வென்ட்’டுக்கு இடம் விட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் ரோஷக்காரர்கள். தங்கள் ‘கேய்’ என்ற சொல்லிலிருந்தே ‘கேய்ட்’ என்று ஒன்றைப் பெற்றுக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சருடையது. அவருடைய ‘ஃபேரி குவீன்’ காவியத்தின் முதல் மூன்று காண்டங்கள் 1590இல் வெளிவந்தன. பழைய வாசனை வரவேண்டும் என்பதற்காக வழக்கொழிந்த சொற்களைத் தேடித் தேடிப் போட்டவர் அவர். ‘யீட்’, ‘யோட்’ இரண்டும் ஒரே இறந்தகாலத்தின் இரு வடிவங்கள். அவரோ ‘யீட்’ என்பதை ‘போ’ என்ற மூலவினையாகவும், ‘யோட்’ என்பதை அதன் இறந்தகாலமாகவும் கையாண்டார். ‘போனான்’ என்பதைப் பகுதியாக வைத்துக்கொண்டு ‘போனானுவான்’ என்று எழுதுவது போன்ற காரியம். செத்த சொல்லுக்கு உயிர் கொடுக்கப் போனவர், அதற்கு இல்லாத ஒரு நிகழ்காலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பண்டிதர்கள் தலையில் அடித்துக்கொள்ளட்டும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காவியத்தில் நிற்க ஓர் இடம் கிடைத்ததே அந்தச் சொல்லுக்கு!

பிள்ளையைக் கொடுத்த ‘வெண்டு’க்கு அந்த மரியாதைகூட இல்லை. ‘வெண்டட்’ என்று புதிதாக ஓர் இறந்தகாலம் செய்துகொண்டு, ‘தன் வழியே மெல்லப் போனான்’ என்ற பொருள் தரும் ஒரே ஒரு தொடரில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற மொழிகளும் யோக்கியமில்லை. ஸ்பானியத்தில் ‘ஃபுய்’ என்றால் ‘போனேன்’. ‘இருந்தேன்’ என்றாலும் அதே ‘ஃபுய்’தான்.

அடிக்கடி புழங்கும் வினைகள்தாம் இப்படிக் கோணல்மாணலாகவே பிழைத்திருக்கின்றன. எப்போதாவது வரும் வினையின் பழைய வடிவம் மறந்துபோக, நாக்கு விதிப்படி ‘இ, டி’ சேர்த்துவிடுகிறது. ‘ஹெல்ப்’ என்பதற்கு 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘ஹோல்பன்’ என்ற வடிவம் உண்டு, இன்று ‘ஹெல்ப்ட்’தான். எரெஸ் லீபர்மன் குழுவினர் 2007இல் ‘நேச்சர்’ இதழில் இதற்குக் கணக்கே போட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளைப் பின்தொடர்ந்ததில், இன்றும் அடங்காமல் இருப்பவை 98. அடுத்து அடங்கப்போவது ‘வெட்’ என்றார்கள். திருமணம் செய்துகொள் என்று பொருள், அடங்குவது நியாயம்தான்.

ஆங்கிலம் தாய்மொழியான வீட்டுக் குழந்தைகளும் முதலில் கேட்டபடி ‘வென்ட்’ என்பார்கள். விதி பிடிபட்டதும் ‘கோட்’ என்று மாறுவார்கள். பிறகுதான் மறுபடி ‘வென்ட்’டுக்கு வருவார்கள். ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை ‘ஐ கோட்’ என்றால் திருத்துங்கள், குட்டாதீர்கள். இலக்கணம் தெரிந்துதான் சொல்கிறது.